பழைய டிரெயில் பைக் வாங்கப் போறீங்களா? வேலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் இருக்கிறேன். செகண்ட் ஹாண்டில் இரண்டு டிரெயில் வண்டி வாங்கியிருக்கிறேன். முதலாவதில் ஏமாந்தேன், இரண்டாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தெரிந்த பசங்க, சொந்தக்காரப் பசங்க எல்லாம் போனில் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

டிரெயில் வண்டி என்று எதைச் சொல்கிறீர்கள்?

முன் சக்கரம் பெரிதாக, பெரும்பாலும் 21 அங்குலம் இருக்கும். அலாய் கிடையாது, ஸ்போக் ரிம். சஸ்பென்ஷன் நிறைய அமுங்கும், கிரவுண்ட் கிளியரன்ஸ் 200 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். முக்கியமாக நம்பர் பிளேட், ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் இருக்கிற, ஆர்.சி. உள்ள வண்டி. வீட்டிலிருந்து தார் ரோட்டில் போய், மண் ரோட்டில் இறங்கி, திரும்பவும் தார் ரோட்டிலேயே வீட்டுக்கு வர முடியணும்.

பதிவே இல்லாத டர்ட் பைக் மலிவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கினால் என்ன?

ரேஸுக்கென்றே வரும் வண்டிகளுக்கு இங்கே ரோட்டுப் பதிவு கிடையாது, "அப்புறம் போட்டுக்கலாம்" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். குட்டி யானை வாடகைக்கு எடுத்து ஏற்றிக்கொண்டு போய், சொந்த நிலத்தில் ஓட்டி, திரும்ப ஏற்றி வர வசதி இருந்தால் வாங்குங்கள். காட்பாடி மேம்பாலத்தில் அதை ஓட்டி மாட்டினால் பதிவும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. யாரையாவது இடித்துவிட்டால் முழுப் பணமும் நம் கையிலிருந்துதான்.

வேலூரில் இதை எங்கே ஓட்டப் போறோம்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஆனால் பாதிப்பேர் வண்டி வாங்கி வாசலில் நிறுத்தின பிறகுதான் இதற்கு வருகிறார்கள். ஏலகிரிக்குப் போக டிரெயில் வண்டி வேண்டாம், 14 கொண்டை ஊசி வளைவும் தார்தான், ஸ்கூட்டியில் குடும்பத்தோடு போகிறார்கள். ஜவ்வாது மலைக்கு ஆலங்காயம், காவலூர் வழியாகப் போவதும் நல்ல ரோடுதான். மண் பாதை வேண்டுமென்றால் ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கம் கிராமத்துக்குக் கிராமம் போகும் வண்டித்தடங்கள், ஏரிக்கரைகள், பொன்னை, வள்ளிமலை பக்கத்துக் கல்லுப் பாதைகள், பாலாறு காய்ந்து கிடக்கும்போது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஊர்க்காரர்கள் போகும் மணல் தடங்கள். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு போன்ற மலை ஊர்ப் பாதைகளிலும் ஆசை தீர ஓட்டலாம். அங்கே நீங்கள் ஹெல்மெட்டும் முழங்கால் கவசமுமாக மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது, பின்னாலிருந்து ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பார். ஓரமா ஒதுங்கி வழி விடுங்கள்.

காப்புக்காட்டுக்குள் மட்டும் போகாதீர்கள். அமிர்தி பக்கம், மோர்தானா பக்கம் எல்லாம் நிறைய இடம் வனத்துறை எல்லை. 1882-ஆம் வருடத்துச் சட்டம், தமிழ்நாடு வனச் சட்டம், இன்னும் அப்படியே இருக்கிறது. அனுமதியில்லாமல் நுழைந்தால் அபராதமும் உண்டு, வண்டியைப் பிடித்து வைக்கவும் முடியும். பாதை ஏதாவது ஊருக்குப் போகிறதா என்று கேளுங்கள். ஊருக்குப் போகாத பாதை என்றால் திரும்பிவிடுங்கள்.

எந்த மாடல் வாங்கலாம்?

நம் ஊரில் பழைய மார்க்கெட்டில் நிஜமாகக் கிடைப்பது மூன்றே மூன்றுதான், மீதியெல்லாம் ஆசைதான்.

ஹீரோ இம்பல்ஸ், 150 சிசி, 2011-ல் வந்தது, நிறுத்தி வருஷக்கணக்காகிறது. லேசான வண்டி, ஒடுக்கமான வண்டி, கற்றுக்கொள்ள இதைவிட நல்லது கிடையாது என்பேன். மேடு ஏறும்போது சக்தி பத்தாது, அதுவும் ஒரு பாடம்தான். கிளட்ச் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும். சிக்கல் இரண்டு. பிளாஸ்டிக் பாகங்கள் கிடைப்பது கஷ்டம். அப்புறம் ஆரம்பத்தில் வந்த வண்டிகளுக்கு 15 வருடப் பதிவுக் காலம் முடிகிற நேரம் இது. ஆர்.சி.யில் தேதி பாருங்கள், முடியப்போகிறது என்றால் மறுபதிவுச் செலவையும் அலைச்சலையும் விலையில் கழியுங்கள்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. 2019 மே மாதம் வந்தது. முன்னால் 21, பின்னால் 18 அங்குலச் சக்கரம், 220 மில்லிமீட்டர் கிளியரன்ஸ், முன் போர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) 190 மில்லிமீட்டர் அமுங்கும், எடை 155 கிலோ சுற்றுவட்டாரம். 2020-ல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது ஆயில் கூலிங் சேர்த்தார்கள், 2021 கடைசியில் நாலு வால்வு இன்ஜின் வந்தது. நம் கத்திரி வெயிலில் மதியம் முதல் கியரில் மணலில் உருட்டிப் பார்த்தவர்களுக்கு ஆயில் கூலரின் அருமை தெரியும், அதனால் பணம் கொஞ்சம் கூட ஆனாலும் 2020-க்குப் பிறகு வந்ததைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: "எக்ஸ்பல்ஸ் 200டி" என்று ஒன்று உண்டு. பெயர் ஒன்றுதான், வண்டி வேறு. 17 அங்குல அலாய் சக்கரம், தாழ்வான சஸ்பென்ஷன், டூரிங் போகிறவர்களுக்கானது. விற்பனை விளம்பரத்தில் அந்த 'டி'யை விட்டுவிட்டு எழுதுவார்கள், போட்டோவில் சக்கரத்தைப் பாருங்கள்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. 2016-ல் கார்புரேட்டரோடு (இன்ஜினுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து அனுப்பும் பழைய முறை) வந்தது, அடுத்த வருடம் அதையே சென்சார் வைத்துச் செய்யும் இன்ஜக்‌ஷன், அப்புறம் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது). இழுவை நன்றாக இருக்கும், நீண்ட தூரம் போக சுகம், சீட்டும் 800 மில்லிமீட்டர்தான், கால் எட்டும். ஆனால் எடை 190 கிலோவுக்கு மேல், பி.எஸ்.6 என்றால் 199. தார் ரோட்டில் அந்த எடை தெரியவே தெரியாது. பாலாற்று மணலில் படுத்துக்கொண்டால்தான் தெரியும், அதுவும் நீங்கள் தனியாகப் போயிருந்தால் நன்றாகவே தெரியும். வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள், நண்பருடைய ஹிமாலயனை அவர் சம்மதத்தோடு புல்தரையில் மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்து, யாரும் கை கொடுக்காமல் மூன்று முறை தூக்குங்கள். மூன்றாவது முறை தூக்க முடிந்தால் வாங்குங்கள்.

பழைய கேடிஎம் 390 அட்வென்ச்சர், சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், ராயல் என்ஃபீல்டு ஸ்க்ராம் 411 எல்லாம் 19 அங்குல முன் சக்கரம். நல்ல வண்டிகள்தான், மண் ரோட்டில் போகும், கல் ரோட்டிலும் போகும். ஆனால் அதைக் கீழே போட மனசு வராது. போட மனசு வராத வண்டியில் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. கவாஸாகி கேஎல்எக்ஸ் 230 இப்போதுதான் வந்திருக்கிறது, பழையது தேடி அலையாதீர்கள்.

என் உயரம் 5 அடி 4 அங்குலம், கால் எட்டுமா?

எக்ஸ்பல்ஸ் சீட் உயரம் 825 மில்லிமீட்டர் அளவு. இரண்டு காலும் தட்டையாக ஊன்றாது. உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும், பிறகு ஒரு காலின் முன்பாதம் ஊன்றினால் போதும், இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தப் பழகிவிடும். சீட்டைச் சீவுகிறேன், சஸ்பென்ஷனை இறக்குகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள், அப்படி இறக்கின பழைய வண்டி வந்தால் அதையும் வாங்காதீர்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது என்ன பார்க்கணும்?

பகலில் போங்கள். போன் பண்ணும்போதே "அண்ணா, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வாருங்கள். காலையில் ஆறின இன்ஜின் எப்படி எழும்புகிறது என்பதில்தான் அதன் உண்மை இருக்கிறது.

என் முதல் வண்டியை சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்தார். ஒரு ரவுண்டு ஓட்டினேன், சத்தம் நன்றாக இருந்தது, அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மூன்றே மாதத்தில் சைலென்சரில் நீலப் புகை. மெக்கானிக் ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது இன்ஜினுக்குள் போகிற வழியில், விரலை விட்டுத் தேய்த்து என்னிடம் நீட்டினார். குங்குமம் மாதிரி செம்மண். "இன்னாண்ணா, வண்டி வாங்குனியா, செங்கல் சூளை வாங்குனியா?" என்றார். பிஸ்டன், ரிங், சிலிண்டர் போர் எல்லாம் போய், லேத்துக்கு அனுப்பி, வண்டி விலையில் கால்வாசி அங்கேயே போனது.

அதனால் இப்போது யாருக்கு வண்டி பார்க்கப் போனாலும் முதலில் கேட்பது ஸ்க்ரூடிரைவர்தான். ஏர் ஃபில்டரைத் திறங்கள். ஃபில்டரே அழுக்காக இருந்தால் பரவாயில்லை, அது அழுக்காவதற்குத்தான் இருக்கிறது. ஃபில்டரைத் தாண்டி உள்பக்கம் தூசி இருந்தால் பேச்சே வேண்டாம், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். திறக்க விடமாட்டேன் என்றால் அதுவும் பதில்தான்.

அடுத்து ஆயில். இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் சின்னக் கண்ணாடியில் பால் டீ நிறம் தெரிந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஆற்றிலோ ஓடையிலோ இறக்கி மூழ்கடித்திருக்கலாம்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி (சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியில் இன்ஜினுக்குக் கீழ் இரும்புத் தகட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைக்கணும், கூட ஒரு ஆள் பிடித்துக்கொள்ளணும்) ஹாண்டிலை மெல்ல இரு பக்கமும் திருப்புங்கள். நடுவில் வந்ததும் ஒரு குழியில் விழுவது மாதிரி 'டொக்' என்று நின்றால் கோன் செட் (ஹாண்டில் திரும்புகிற பேரிங்) போய்விட்டது. பெரிய செலவில்லை, விலையில் குறைக்கலாம். பிறகு போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பின் சக்கரத்தையும் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை) புஷ்ஷோ வீல் பேரிங்கோ ஏதோ ஒன்று.

போர்க் குழாயில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றித் துடையுங்கள். எண்ணெய் ஒட்டினால் ஆயில் சீல் போயிருக்கிறது. அது சின்ன விஷயம். நகத்தால் தடவும்போது குழாயில் கீறல், புள்ளி தட்டுப்பட்டால் எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும், அது பெரிய விஷயம்.

ஸ்போக்குகளை ஒரு ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். எல்லாம் ஒரே மாதிரி 'டிங் டிங்' என்று வரணும். இடையில் 'டப்' என்று ஒன்று வந்தால் அது லூஸ். ஒன்றிரண்டு லூஸ் சகஜம், ஒரே பக்கத்தில் நாலைந்து லூஸ் என்றால் அந்த இடத்தில் ரிம் கல்லில் அடிபட்டிருக்கும், விரலை ரிம் அருகே அசையாமல் வைத்துச் சுற்றிப் பாருங்கள், பெண்டு தெரியும்.

செயின் ஸ்ப்ராக்கெட் பல் அரிவாள் மூக்கு மாதிரி வளைந்திருக்கிறதா பாருங்கள். மற்றதெல்லாம் சாதாரணப் பைக்குக்குப் பார்ப்பதுதான், அதற்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், பெட்ரோல் போட்டுச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

கீழே விழுந்த வண்டியை வாங்கலாமா?

விழாத டிரெயில் வண்டி என்றால் மண் ரோட்டுக்கே போகாத வண்டி என்று அர்த்தம். லீவர் வளைவு, ஹாண்ட் கார்டு கீறல், ஃபுட் ரெஸ்ட் தேய்ந்தது, இண்டிகேட்டர் ஒட்டுப்போட்டது, இதெல்லாம் பக்கவாட்டில் மெதுவாகச் சாய்ந்ததன் அடையாளம், பயப்படவே வேண்டாம். முன்பக்கமாக மோதினதுதான் பயம். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஹெட் பைப் (ஹாண்டில் தண்டு நுழையும் குழாய்) சேஸிஸோடு சேரும் இடத்தில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா, புது பெயிண்ட் அடித்திருக்கிறதா, வெல்டிங் புதிதாக இருக்கிறதா பாருங்கள். பின்னால் பத்தடி தள்ளி நின்று, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா பாருங்கள். "பெண்டு எடுத்தாச்சு, இப்ப சூப்பரா இருக்கு" என்று சொன்னால் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தால் பரவாயில்லை?

மீட்டரை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. தினமும் வேலூரிலிருந்து ராணிப்பேட்டைக்குத் தார் ரோட்டில் வேலைக்குப் போய்வந்த 40,000 கிலோமீட்டர் வண்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மணலில் முறுக்கின 8,000 கிலோமீட்டர் வண்டியைவிட எவ்வளவோ மேல். பிரேக் பெடல், கியர் லீவர் ரப்பர், கிரிப் தேய்மானத்தையும் மீட்டரையும் பொருத்திப் பாருங்கள். 8,000 என்று காட்டும் வண்டியில் ரப்பர் வழவழவென்று இருந்தால் கணக்கு உதைக்கிறது.

கார்புரேட்டரா, இன்ஜக்‌ஷனா?

2019 எக்ஸ்பல்ஸில் இரண்டும் உண்டு, அதனால் இந்தக் கேள்வி வருகிறது. கார்புரேட்டரை எந்த ஊர் மெக்கானிக்கும் மரத்தடியில் கழற்றி ஊதி மாட்டிவிடுவார். இன்ஜக்‌ஷன் வண்டி தொந்தரவே தராது, தந்தால் மரத்தடியில் முடியாது. நான் இன்ஜக்‌ஷன் பக்கம். ஒன்று மட்டும், இன்ஜக்‌ஷன் வண்டி வாங்கும்போது சாவி போட்டதும் இன்ஜின் விளக்கு எரிந்து அணைகிறதா பாருங்கள். எரியவே இல்லை என்றால் பல்பை யாரோ எடுத்துவிட்டார்கள்.

ஆல்டர் செய்த வண்டி?

கம்பெனி விற்கிற ராலி கிட் (கரடுமுரடான ஓட்டத்துக்கான பாகங்கள்) போட்டது என்றால் பில் கேளுங்கள், அது வேறு ரகம். அதைத் தவிர, சைலென்சர் மாற்றினது, சேஸிஸை வெட்டினது, இன்ஜின் மாற்றினது எல்லாம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. விற்கிறவர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் போலீஸிடம் ஒருமுறைகூட மாட்டியதில்லை என்று சொல்லலாம். நீங்கள் மாட்டுவீர்கள்.

பேப்பர் விஷயம் சொல்லுங்க. பெங்களூர் வண்டி மலிவா இருக்கே?

மலிவாகத்தான் இருக்கும். அங்கே இந்த மாதிரி வண்டி நிறைய, அதனால் நம் பசங்க ஆளாளுக்கு பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள். ஆனால் கே.ஏ. நம்பர் வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டணும் என்றால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியாகணும். அதற்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று, படிவம் 28) வாங்கணும், இங்கே ஆயுள் வரி புதிதாகக் கட்டணும், அங்கே கட்டின வரியைத் திரும்பக் கேட்க மனு போட்டுக் காத்திருக்கணும். இதையெல்லாம் கூட்டினால் மலிவு பாதி கரைந்துவிடும். சித்தூர் பக்கம் ஆந்திரா வண்டிக்கும் இதே கதைதான், பக்கத்திலேயே இருக்கிறது என்பதால் சட்டம் மாறாது. டி.என். 23, டி.என். 73 வண்டி கொஞ்சம் விலை கூட என்றாலும் தலைவலி குறைவு.

உள்ளூர் வண்டிக்கு: ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பரை வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சேறு காய்ந்து மறைத்திருந்தால் துணியை நனைத்துத் துடைத்துப் பாருங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டு லோன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எது வரைக்கும், அபராதச் சலான் பாக்கி இருக்கிறதா பாருங்கள். லோன் முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது, ஆர்.சி.யில் ஹெச்.பி. (லோன் இருப்பதற்கான பதிவு) கேன்சல் ஆகியிருக்கணும், ஆகவில்லை என்றால் படிவம் 35-ம் வங்கிக் கடிதமும் கையில் வந்த பிறகுதான் முழுப் பணம்.

பெயர் மாற்ற படிவம் 29, 30. கையெழுத்து மட்டும் போட்டு மீதியைக் காலியாக விட்ட படிவம் வாங்கிப் பீரோவில் வைப்பது நம் ஊரில் பழக்கம், அதைச் செய்யாதீர்கள். வாங்கின 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லணும், இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்கணும். விற்கிறவர் அலைய மறுத்தால் ஒன்று சொல்லுங்கள்: பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீடு அவர் தலையில் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதைக் கேட்டால் நமக்கு முன்னால் அவர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்பார்.

ஏபிஎஸ் வேண்டுமா?

தார் ரோட்டுக்கு வேண்டும். மணல் இறக்கத்தில் பின் சக்கரம் பூட்டிக்கொள்வது நமக்கு உதவி, அதனால் பின் ஏபிஎஸ்ஸை அணைக்க முடிகிற வண்டி அல்லது முன்னால் மட்டும் ஏபிஎஸ் உள்ள வண்டி நல்லது. எக்ஸ்பல்ஸ் 200-ல் முன்னால் மட்டும்தான்.

விலை எப்படிப் பேசுவது?

வண்டியைத் திட்டாதீர்கள், அவருக்கு அது பிள்ளை மாதிரி. டயர், செயின் செட், கோன் செட், ஆயில் சீல் என்று மாற்ற வேண்டியதை ஒரு தாளில் எழுதி, ஸ்பேர் கடையில் போனில் விலை கேட்டு, கூட்டி, அந்தத் தாளை அவரிடமே கொடுங்கள். எக்ஸ்பல்ஸ் கார்புரேட்டர் வண்டி 2019-ல் வந்தபோதே ஷோரூம் விலை 97,000 ரூபாய்தான். அதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸுக்கு நான் காசு கொடுப்பதில்லை. பெட்டியும் ஃபாக் லைட்டும் அவர் ஆசைக்கு வாங்கினது.

வாங்கினதும் முதலில் என்ன செய்யணும்?

ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில் மாற்றுங்கள், அவர் நேற்று மாற்றினேன் என்று சொன்னாலும். பிறகு ஒரு நல்ல ஹெல்மெட், கணுக்கால் மூடும் பூட்ஸ், முழங்கால் கவசம். பட்ஜெட் போடும்போதே இதற்குத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், வண்டிக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் செருப்புக் காலோடு மலை ஏறுகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

முள் பஞ்சர் ஆகுமா?

ஆகும். நம் ஏரிகள் முழுக்க சீமைக் கருவேலம். ஸ்போக் ரிம்மில் டியூப் டயர், அதனால் டியூப்லெஸ்ஸில் குத்துகிற மாதிரி ஒரு ரப்பர் திரியைச் செருகிவிட்டுக் கிளம்ப முடியாது, சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை வெளியே எடுத்தாகணும். இரண்டு டயர் லீவர், ஒரு முன் டியூப், காற்றடிக்கும் பம்பு, உங்கள் வண்டி ஆக்ஸிலுக்குப் பொருந்தும் ஸ்பேனர், இதெல்லாம் எப்போதும் பையில் இருக்கணும். (21 அங்குல டியூபை அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் திணிக்கலாம், வீடு வரை வரும்.) வீட்டில் ஒரு முறை கழற்றி மாட்டிப் பழகுங்கள். முதல் தடவை எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, கை முட்டியெல்லாம் உரிந்தது. புது டியூபைப் போடும் முன் டயருக்குள் விரலை மெதுவாகச் சுற்றிவிட்டு, உடைந்த முள் நுனி உள்ளேயே நிற்கிறதா பாருங்கள். அதைப் பார்க்காமல் மாட்டி, பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் இரண்டாவது டியூபும் போய், ஒரு டிராக்டர்காரரிடம் கெஞ்சி வண்டியை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.